டோலியின் பின்முனை

மழைக்காலத்தில் கம்பளியை வெளியில் காயப்போடக் கூடாது என்று சொன்னால் என் மருமகள் கேட்கமாட்டாள். போன வாரம் மாடிக் கொடியில் போட்டாள், மறந்துவிட்டாள், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் எடுத்துவந்து கூடத்தில் நாற்காலிகளின் மேல் விரித்தாள். வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாடை. "மூக்கப் பொத்திக்குங்க மாமா" என்றாள். நான் கண்ணைத்தான் மூடிக்கொண்டேன். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடுவது போலிருந்தது.

நான் ஜவ்வாது மலையில் வாத்தியாராக இருந்தவன். எம்.ஏ. படித்துவிட்டு மலையூர்ப் பள்ளிக்கு வந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அதைக் கண்டுகொள்ள அந்த ஊரில் ஆள் இல்லையே என்று கொஞ்சம் வருத்தமும் உண்டு. காளியப்பன் அண்ணன் வீட்டை ஒட்டிய அறையில் தங்கியிருந்தேன். அவர் சாமையும் கொள்ளும் பயிரிடுகிறவர். பேசுவதை விட வெற்றிலை மெல்வது அதிகம். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி வெள்ளச்சி பேசிவிடுவார். அந்த அக்கா யாரையும் 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரியிடமே "நீ இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்த?" என்று கேட்டவர்.

ஒரு ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் குளிர், பிறகு பிதற்றல், பிறகு நினைவே இல்லை. மண்சாலை அறுந்து பஸ் வரவில்லை. காளியப்பன் அண்ணன் தன் கம்பளியை ஒரு மூங்கிலில் தூளி போலக் கட்டி, என்னை அதில் கிடத்தி, காட்டுத் தடம் வழியாக ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டார். டோலி என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். படிப்பதற்கும் அதில் கிடப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வழியில் ஒரு முறை எனக்கு நினைவு திரும்பியது. காட்டாறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தூக்கி வந்த நாலு பேரின் மார்பு வரை வந்திருக்க வேண்டும். டோலியைத் தலைக்கு மேலே ஏந்தியிருந்தார்கள். அவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை. மேலே மூங்கில், அதற்கு மேலே இலைகள், இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் வானம், அவ்வளவுதான். கீழே ஆறு இரைகிறது, நான் நனையவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தும் பயம் வரவில்லை. என்னை யாரோ வைத்திருக்கிறார்கள், விடமாட்டார்கள் என்று உடம்புக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆராதனைகளில் முழங்கால் போட்டிருக்கிறேன். அந்த நிச்சயம் அப்படி இன்னொரு முறை வந்ததில்லை. அதை எழுத இன்றும் கை தயங்குகிறது.

பிழைத்தேன். போளூரில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா பந்தல் போட்டார். சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது எங்கள் சபையில் வழக்கம். பாட்டு, ஜெபம், பிழைத்தவரின் சாட்சி, பிறகு எல்லோருக்கும் பிரியாணி. "கெடச்ச கிருபைய தனியா வெச்சினு இருந்தா ஊசிப்போயிடும்டா" என்பார் அம்மா. பிரியாணியைப் பற்றிச் சொல்வது போலவே அதையும் சொல்வார்.

சாட்சிக்காக நான் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். எங்கள் சபைகளில் நல்ல சாட்சிக்கு ஒரு தோரணை உண்டு. மனிதன் எவ்வளவு அநாதையாக நிற்கிறானோ, அவ்வளவு பெரியவராகக் கடவுள் தெரிவார் என்று எண்ணிக்கொண்டு பேசுவோம். நானும் அப்படித்தான் பேசினேன். "அந்தக் காட்டில் எனக்கென்று ஒரு மனிதரும் இல்லை. கர்த்தர் ஒருவரே இருந்தார்" என்றேன். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று பந்தல் அதிர்ந்தது. எங்கள் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணீர் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பந்திக்கு எழுந்தபோதுதான் பார்த்தேன். பந்தலின் கடைசிக் காலை ஒட்டிக் காளியப்பன் அண்ணனும் வெள்ளச்சி அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு பை சீத்தாப்பழம். அம்மா என்னிடம் சொல்லாமல் ஆள் விட்டு அழைத்திருந்தார். நான் அழைத்திருக்கவில்லை.

இலையில் கறி விழுந்ததும் அக்கா ஆரம்பித்தார்.

"இன்னா வாத்தியாரே, யாருமே இல்லன்னுட்ட. அப்ப உன்னத் தூக்கினு போனது இன்னா, காத்தா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மென்றுகொண்டே, "சும்மா இரு. சாமிக்கு நன்றி சொல்ற எடத்துல நாம எதுக்கு" என்றார்.

"சாமியச் சொல்ல வேணாம்னா சொன்னேன்? சாமியயும் சொல்லட்டும், உன் தோளயும் சொல்லட்டும். வீங்கினு கெடந்த தோளுக்கு எண்ண தேச்சவ நானு."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க சொல்றது நெசந்தானடா. இன்னொருக்கா எழுந்து சொல்லு, எல்லாரும் இங்கதான கீறாங்க" என்றார். ஆயர்கூட இன்னும் இலையில்தான் இருந்தார்.

"பந்தி முடியட்டும்கா, சொல்றேன்" என்றேன்.

பந்தி முடிந்தது. கை கழுவினார்கள், வெற்றிலை போட்டார்கள், போனார்கள். நான் எழுந்து சொல்லவில்லை. எழுந்தால் சற்று முன் வந்த கண்ணீர் பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன். அண்ணன் போகும்போது என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "சூடு இல்ல" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. கணியம்பாடியிலும் வேறு ஊர்களிலும் இருந்தபோது, கேட்ட இடத்திலெல்லாம் அதே சாட்சியைச் சொன்னேன். யாரும் இல்லை என்ற அந்த வரியை நீக்கவில்லை. நன்றாக எடுபட்ட வரி அல்லவா. அண்ணன் இறந்ததே எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

கூடத்தில் கம்பளி வாடை போகும் முன்பே ஞாயிறு வந்தது. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்திருந்ததால் சாட்சி சொல்லும்படி இளம் ஆயர் கேட்டிருந்தார். "சுருக்கமா, ஐயா" என்று அன்பாக எச்சரித்தும் இருந்தார். எழுந்து நின்றேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. காட்டில் எனக்கு யாரும் இல்லை என்று இவ்வளவு காலம் நான் சொன்னது பொய் என்றேன். நாலு பேர் என்னைச் சுமந்தார்கள் என்றேன். காளியப்பன் என்றேன், அவர் தம்பி மாரி என்றேன். அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தபடி நின்றேன்.

இல்லை. மற்ற இருவரின் பெயரை நான் கேட்டதே இல்லை.

சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். வெள்ளச்சி அக்கா இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. குரலை வைத்தே கண்டுகொண்டார். "இன்னா வாத்தியாரே, பந்தி முடிஞ்சிதா?" என்றார். முந்தின நாள் சொன்னதைச் சொன்னேன். "நல்லது" என்றார்.

"என்னத் தூக்கின மத்த ரெண்டு பேரு யாருக்கா?"

"அவங்களா? எங்க ஊரு ஆளுங்களே இல்ல. சாமை அறுக்க வந்துட்டு அவங்க வூட்டுக்குப் போய்னு இருந்தவங்க. இவரும் தம்பியும் ரெண்டு பேரா தூக்க முடியாம ஆத்தங்கரையில நின்னுட்டாங்களாம். அவங்க வந்து பின்னால தோளு குடுத்தாங்களாம்."

"பேரு?"

"மூச்சு வாங்கவே நேரமில்ல, பேரு எங்க கேக்கறது. அவங்களுந்தான் உம்பேரக் கேக்கல. ஆலங்காயத்துல எறக்கி வெச்சிட்டு, இவரு வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

வீட்டுக்குக் கிளம்பியவர்களின் வழி வேறு எங்கேயோ போகிறது. ஆற்றங்கரையில் ஒரு மூங்கில் டோலியில் முன்பின் தெரியாத ஒருவன் கிடக்கிறான். அவன் யார், என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் மார்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். கர்த்தர் என்னை வைத்திருந்தார் என்று நான் சொன்னதில் பொய் இல்லை. எந்தக் கைகளால் வைத்திருந்தார் என்று பார்க்காமல் ஒரு ஆயுள் போய்விட்டது.

இப்போது அங்கே தார்ச்சாலை வந்துவிட்டது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. அதற்கும் ஸ்தோத்திரம், மனதாரச் சொல்கிறேன். எங்கள் சபையிலும் வாசல் பந்தல் போய், மண்டபத்தில் கொடுக்கிற பார்சல் டப்பா வந்துவிட்டது. அழைக்காதவர் வந்து பந்தலின் கடைசிக் காலருகே உட்கார இடமில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, பழைய காட்டுத் தடம் பிரிகிற இடத்தைத் தேடினேன். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மூடிக்கிடந்தது. நாலு பேர் ஒருவனைச் சுமந்து இறங்கிய வழியில் இன்று ஒரு ஆடு நுழைவதே கஷ்டம்.