குமரேசன் வெளிநாட்டில் தறி போட்ட கதை

நான் முட்டாள் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய முட்டாள் என்று சொல்ல இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது.

போன ஞாயிறு, காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையில் மாலையும் கழுத்துமாக என் பள்ளித் தோழன் குமரேசன். மூளை அறுவை நிபுணன். பிள்ளையார்பாளையத்தில் என்னோடு கோலி ஆடியவனை இன்று டோக்கியோவிலும் டொரண்டோவிலும் கூப்பிட்டுப் பாடம் கேட்கிறார்கள். கைதட்டல் அடங்கவில்லை. நான் மட்டும் தூணுக்குப் பின்னால்... ஏன்?

இருபது இருபத்தைந்து வருஷம் முன்பு, மெட்ராஸில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு ஸ்காட்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போனான். அவன் அப்பா நெசவாளி, எழுத்து தெரியாது. கடிதமெல்லாம் என் விலாசத்துக்கு வரும். நான் படித்துச் சொல்வேன். ஒரு நாள் இரண்டே வரி: “கொஞ்சம் பட்டு நூல் அனுப்பு. அவசரம்.”

காரணம்? எழுதவில்லை. அதற்குத்தான் நான் இருக்கிறேனே. பார்சலைக் கட்டிவிட்டு நேரே டீக்கடைக்குப் போனேன்.

“டாக்டர் படிப்பு ஊத்திக்கிச்சுபா. குமரேசன் அங்க தறி போட்டுட்டான்.”

சாயங்காலத்துக்குள் தறி நாலாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளைக்காரி அவனுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் அப்பா என்னைத் தெருவில் நிறுத்தினார். அந்தக் காலத்தில் ஊரே சிரித்தும் அசையாமல், மகனைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். “இங்க இல்லாத தறியா அங்க இருக்குது? நெசமா சொல்லுபா.”

“கடுதாசி இருக்குது” என்றேன். அதன்பிறகு நெய்த புடவையைக் கொடுக்கக்கூட அவர் அந்த டீக்கடையைத் தவிர்த்துச் சுற்றுவழியில்தான் போனார்.

மூன்று மாதம் கழித்து உண்மை ஏர்மெயிலில் வந்தது. அறுவை அறையில் முதல்முறை நூலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். தறியில் இழை அறுந்தால் நாம் என்ன செய்வோம்? விரலை நாக்கில் தொட்டு முறுக்குவோம். நம்ம ஆளும் பழக்கதோஷத்தில், கையுறை போட்ட விரலை முகமூடிக்குள் விட்டுவிட்டான். தலைமை டாக்டர் வாசலைக் காட்டினார். இன்னொரு முறை என்றால் ஊருக்குக் கப்பல்.

பழக்கத்தை விட வேண்டும்; ஊர் நூலைத் தொட்டால்தானே நாக்கு அதிகமாக நமநமக்கும்? அதனால் அதையே வரவழைத்து, நாக்கில் தொடாத காய்ந்த விரலால், தீப்பெட்டிக்குள், ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பழகினான். ராப்பகலாக. அப்புறம் ஒரு நாள், மூளையின் ஆழத்தில் ரத்தக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டது. தலைமை டாக்டரின் தடித்த விரல் நுழையவில்லை. குமரேசன் விரல் நுழைந்தது. முடிச்சு விழுந்தது; ரத்தம் நின்றது. பெரியவர் உதவியாளர் பக்கம் நகர்ந்து, இவனுக்கு இடம்விட்டார். இன்று அந்தத் துறைக்கே இவன்தான் தலைமை.

அந்தக் கடிதத்தையும் அவன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்தாமலே கேட்டார். “இது நெசமா... இல்ல உன்னோட நெசமா?”

காரணம் தெரியாத இடத்தில் ஒரு காரணத்தைச் செருகாவிட்டால் நம்மில் பலருக்குச் சோறு இறங்குவதில்லை. எனக்குக் காப்பிகூட இறங்காது.

ஞாயிறன்று மைக்கை அப்பாவிடம் கொடுத்தார்கள். சலவைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. “நாலு தறின்னு சொன்னவங்கள்லாம் வந்திருக்கீங்களா? இவன்தான்பா என் மவன். நல்லா பாத்துக்குங்க.” மண்டபம் அதிர்ந்தது. தூண் போதவில்லை எனக்கு.

கூட்டம் கலைந்ததும் குமரேசனிடம் போனேன். “இந்த வாரம் உன்னப் பத்தித்தான்பா எழுதப் போறேன்.”

“மொதல்ல எங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டு.”