போலாரம் கிரவுண்டு மண்

ஃபெலிக்ஸ் சித்தப்பா கல்லறைப் பக்கமே வரக்கூடாது, ஒரு பிடி மண்கூடப் போடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எலிசபெத்தின் தம்பி தமிழ்ச்செல்வன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இறந்து கிடந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எலிசபெத் மட்டும், "வரட்டும்டா. யாரும் தடுக்காதீங்க" என்றாள். அழுது களைத்ததில் மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். இளகுகிறதாவது! இருதயராஜ் வக்கீலின் மகளுக்கா?

வக்கீல் செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ஒர்க்‌ஷாப் ஃபிட்டரின் மூத்த பிள்ளை. ஊரே ஹாக்கி, கிரிக்கெட் என்று அலைந்த காலத்தில், பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு அமெரிக்கப் பாதிரியார் இவர் கையில் பேஸ்பால் கிளவுஸை மாட்டிவிட்டார். பிடித்த பைத்தியம் சட்டம் படித்தும் தெளியவில்லை, செகந்திராபாத் கோர்ட்டில் பேர் வாங்கியும் தெளியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே போலாரம்தான். அங்கே ஒரு பழைய பங்களாக்காரர், விளையாடிக்கொள்ளுங்கள் என்று பின்பக்கத்து வெற்று நிலத்தை இவர் கிளப்புக்கு விட்டிருந்தார். தம்பி, மச்சான், குமாஸ்தா ஒருத்தரும் தப்ப முடியாது. எலிசபெத்தைப் பெண் பார்க்க வந்த ஒருவனைக்கூட ஆட்டக்களத்து மூலைகளில் போட்டிருந்த மணல் மூட்டைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிட்டார். அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது, சம்பந்தம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எலிசபெத்துக்கு அவனைப் பிடித்திருந்தது என்பது வேறு கதை.

ஆட்டத்தில் அவர் பந்து வீசுகிறவர். வேகமெல்லாம் கிடையாது, தந்திரம்தான். ஓடுகிறவன் மூட்டைமேல் கால் வைத்திருக்கும் வரை அவனை ஒன்றும் செய்ய முடியாது. காலை எடுத்தபின் பந்தால் தொட்டுவிட்டால் அவன் அவுட். வக்கீல் அவன் பக்கம் திரும்பவே மாட்டார். வானத்தைப் பார்ப்பார், கழுத்தைச் சொறிவார். நம்மைக் கவனிக்கவில்லை என்று அவன் இரண்டு எட்டு நகர்ந்தானோ இல்லையோ, பந்து அந்த மூட்டையருகே நிற்கிற ஆள் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் இதில் மாட்டுகிறவர் ஃபெலிக்ஸ்தான். கோர்ட்டிலும் சாட்சிகளிடம் வக்கீலுக்கு இதே வேலை. அவரிடம் ஜூனியராக இருந்த எலிசபெத், மிரட்டாமல் கொள்ளாமல் அவர் ஆட்களைப் பேசவிட்டே கவிழ்த்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அப்புறம் ஐடி கம்பெனிகள் வந்தன, கூடவே வினையும் வந்தது. ஹைடெக் சிட்டிப் பக்கம் வளைத்தது போதாதென்று பில்டர்கள் வடக்கே கிளம்பினார்கள். பங்களாக்காரர் செத்ததும் அவர் வாரிசுகள் கிரவுண்டை ஒரு பில்டருக்கு விற்றுவிட்டார்கள். காலங்காலமாக நாங்கள் விளையாடுகிற இடம் என்று இருதயராஜ் வழக்குப் போட்டார். பில்டர் தரப்புச் சாட்சியாக வந்து நின்றது யார்? கூடப் பிறந்த ஃபெலிக்ஸ்! அது வெறும் முள்ளுக்காடு, அங்கே யாரும் எந்நாளும் விளையாடியதே இல்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். கூலி, அதே இடத்தில் எழும்பப்போகிற கட்டடத்தில் எட்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட்.

அதைப் படித்த அன்று அப்பா சாப்பிடவில்லை. "அவனை நானே விசாரிக்கிறேன்" என்றார். அந்த வாய்தாவுக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வருகிற திங்கட்கிழமை வாய்தா. சனிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். எலிசபெத்தைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பாள். பாவி, அண்ணன் சோற்றைத் தின்று வளர்ந்தவன்! கிரவுண்டு நிலைப்பதும் போவதும் இப்போது அந்த ஒரு பொய்யில்தான் இருந்தது. அந்தப் பொய்யைச் சித்தப்பா வாயாலேயே உடைக்க வேண்டும்.

ஞாயிறு காலை, பெட்டி வருவதற்குள், அவள் போலாரத்துக்கு ஆட்டோ பிடித்தாள். பில்டரின் தகர வேலி ஓரிடத்தில் நெளிந்திருந்தது. உள்ளே புகுந்து, அப்பா பந்து வீச நின்ற மேட்டிலிருந்து ஒரு பை மண் அள்ளினாள்.

சாயங்காலம் கல்லறையில் பெட்டியை இறக்கினார்கள். கோர்ட் நண்பர்கள், கிளப் ஆட்கள், பங்குச் சாமியார், எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஃபெலிக்ஸ் தயங்கித் தயங்கி வந்தார். முணுமுணுப்புக் கிளம்பியது.

"வாங்க சித்தப்பா" என்று எலிசபெத் அவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தாள். பையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு அவரைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தாள்.

ஃபெலிக்ஸ் மண்ணை விரலால் நெருடினார். சிவப்பாக, நறநறவென்று இருந்தது. முகம் கோணியது.

"எலிசா... இது அண்ணன் நின்ன மேடும்மா!" என்று உடைந்து அழுதார். "மழையில வழுக்குதுன்னு லாலாகுடாலேர்ந்து செங்கல் பொடி சைக்கிள்ல கொண்டாந்து கொட்டினது நாந்தானே!"

அழுகை நிஜம்தான். அதனால் என்ன? எலிசபெத் மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப நாள் ஆடினீங்களோ சித்தப்பா?"

"நாளா? எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே புடிச்சு! ஒரு ஞாயித்துக்கெழம விட்டிருப்போமா? போன வருஷம் வேலி போடற வரைக்கும்..."

சட்டென்று நிறுத்தினார். கறுப்புக் கோட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எலிசபெத் இப்போது திரும்பினாள். "ஃபாதர், கேட்டீங்கல்ல?"

"ஹவ்மா, கேட்டேன்" என்று தலையாட்டினார் பங்குச் சாமியார்.

"நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா சொல்லுவீங்களா?"

"கேட்டத சொல்லாம?"

ஃபெலிக்ஸ் ஒரு எட்டு பின்வாங்கினார். "ஏம்மா இப்படிப் பண்றே எலிசா? சாவுலயா? நான் உன் சித்தப்பாம்மா!"

"அப்பாவுக்கு நீங்க தம்பி. அது அங்க கையெழுத்துப் போடறப்ப ஞாபகம் வரல இல்ல?" அவள் குரல் உயரவே இல்லை. "நாளைக்கு உங்கள விசாரிக்கப் போறது நான்தான். இப்ப மண்ணப் போடுங்க. நீங்க கொட்டின மண்ணுதானே."

ஃபெலிக்ஸ் கையை விரித்தார். செங்கல் பொடி கலந்த மண் பெட்டிமேல் விழுந்தது. எலிசபெத் குழியோரம் குனிந்து, அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவுட்" என்றாள்.