நாலு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் துரை பங்களாவில் சமையல்காரியாக இருந்த இராக்கம்மாவுக்கு, தோட்டத்தார் வைத்த பெயர் பெட்டிசக்காரி. தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரை ஒழுகினால் மற்றவர்கள் சட்டியை வைத்துவிட்டு ஓரமாகப் படுத்துக்கொள்வார்கள். இராக்கம்மாவோ எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குக் குறையைச் சொல்லிப் பெட்டிசம் போடுவாள். துரை அசையாவிட்டால் துரைக்கு மேலே இருப்பவருக்கு. அவள் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய பெட்டிசத்தைப் படித்த துரைமார் உண்டு. தகரம் மாற்ற ஆள் வந்தபோது, அவளைத் தூற்றிய அதே சனம்தான் முதலில் வந்து வரிசையில் நின்றது. அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன புருஷன் போனவன்தான். மண்சரிவு அபாயம் என்று லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, தங்கை மகன் அவளைப் பதுளைக்கு வெளியே இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுவந்து விட்டான். ஒரு மாதம்தான் பெரியம்மா என்றான். பிறகு அவனுடைய போன் நம்பர் மாறிவிட்டது.

இல்லத்தை நடத்தியது ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்த ஒரு சபை. நடத்தியது என்றால், ஆண்டுக்கொரு முறை மாலை போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள். மற்றதெல்லாம் செயலாளர் தயாபரன் கையில். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, யாரைக் கண்டாலும் கூப்பிய கை. ‘முதியோரே எம் கண்கண்ட தெய்வம்’ என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அந்தத் தெய்வங்களுக்கு நாலு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது.

காரணம் எளிது. கக்கூஸ் முற்றத்துக்கு அந்தப்புறம் இருந்தது. வேலைக்காரப் பெண் அந்தியானதும் எல்லாரும் படுக்கும் மண்டபத்தை வெளியிலிருந்து பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இரவு ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்கவேண்டும். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும். ஆகவே தண்ணீரை நிறுத்தினார்கள். இப்படி ஒரு யோசனை சும்மா வராது, அதற்குப் படிப்பு வேண்டும் என்பாள் இராக்கம்மா.

பூனாகலையிலிருந்து வந்திருந்த கணபதிக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. தேயிலை பெக்டரியில் வேலை செய்த மனிதர், யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது நினைவில்லாமல் கிடந்தார். தண்ணீர் இல்லாமல் சிறுநீரில் கிருமி ஏறிவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வயசாகிவிட்டது என்றார் தயாபரன். சபையும் அதையே ஏற்றுக்கொண்டது. வயசைப் போல வசதியான குற்றவாளி வேறு யார்?

இராக்கம்மா கிளம்பினாள். முதலில் சபைத் தலைவர். அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். மறுவாரம் அவளுடைய மூளையைச் சோதிக்க ஒரு வைத்தியரை அனுப்பினார். அடுத்து இல்லத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வருவதாக ஒரு வாரம் முன்பே தகவல் வந்திருந்ததால், கட்டில்களில் மடிப்புக்கூடக் கலையாத புது விரிப்புகள். அதிகாரி தயாபரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டபடியே, ஏதாவது குறை இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இராக்கம்மா எழுந்து பூட்டையும் தண்ணீரையும் சொன்னாள். தயாபரன் சிரித்தபடி தன் நெற்றிப் பொட்டை விரலால் தட்டிக்காட்டினார். அதிகாரியும் சிரித்தார்.

“எழுத்துல குடுங்க அம்மா. செயலாளர் மூலமா அனுப்புங்க.”

“யாரு மேல குறை சொல்றேனோ அவரு கையிலயே குடுக்கணுமா?”

“அதுதாங்க முறை.”

வேலைக்காரப் பெண்ணின் போனைக் கெஞ்சி வாங்கி வேறு அலுவலகங்களுக்கும் பேசினாள். ஓரிடத்தில், இங்கே விசாரிப்பது பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளைத்தான், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மிகவும் வருந்தினார்கள். பிள்ளை பெறாததற்கு இப்படியும் ஒரு தண்டனை உண்டென்று அவளுக்கு அதுவரை தெரியாது. இன்னோரிடத்தில் கொழும்புக்குப் பேசச் சொன்னார்கள். கொழும்பில் பதுளைக்குப் பேசச் சொன்னார்கள்.

கிளினிக் நாள் வந்தது. பிரஷர் மருந்துக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவள், கக்கூஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். விசாரித்து விசாரித்து இலவசச் சட்ட உதவி கொடுக்கும் இடத்தைப் பிடித்தாள். அங்கே ஸைனப் என்ற சட்டத்தரணி இருந்தாள். பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். எழுதிக் கொண்டுவா என்று அவள் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தானே தமிழில் எழுதிக்கொண்டாள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“பூட்டுறது வெளியில இருந்தா? சாவி உள்ளுக்கு யார்கிட்டயும் இல்லையா?”

“இல்லம்மா. நெருப்புப் பிடிச்சா வெந்து சாகவேண்டியதுதான்.”

ஸைனப் விளக்கினாள். தண்ணீர் விஷயத்துக்கு விசாரணை, அறிக்கை, மறுவிசாரணை என்று வருஷக்கணக்கில் இழுப்பார்கள். ஆனால் ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அடைத்துப் பூட்டுவது குற்றம். வயசானவர் என்றாலும் குற்றம்தான். அதற்குப் பொலிஸ் போதும்.

“அப்ப தாகத்துக்குச் சட்டம் இல்ல, பூட்டுக்குத்தான் இருக்கு” என்றாள் இராக்கம்மா.

“தாகத்துக்கும் இருக்கும்மா. பூட்டு சீக்கிரம் நடக்கும்.”

பொலிஸில் சார்ஜன்ட், பெரிய மனிதர்கள் நடத்துகிற இடமாயிற்றே, சமாதானமாகப் பேசித் தீர்க்கலாமே என்று தொடங்கினார். கூட வந்த ஸைனப் தான் யாரென்று சொன்னாள். அதுவரை எங்கேயோ தொலைந்திருந்த பேனா சார்ஜன்டின் சட்டைப்பையிலேயே கிடைத்தது.

பூட்டும் நேரத்துக்கு முன்பே இராக்கம்மா இல்லத்துக்குத் திரும்பிவிட்டாள். அன்று அந்தி மயங்கியபின் பொலிஸார் வந்தார்கள். சாவி வேலைக்காரப் பெண்ணோடு அவள் வீட்டில். பூட்டை உடைத்துத்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. எல்லாரும் கட்டில்களில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த கணபதியிடம் முதலில் கேட்டார்கள்.

“அப்படி ஒன்னும் இல்லீங்க. எங்களை நல்லாத்தான் பாக்கிறாங்க” என்றார் அவர். உடைந்த பூட்டு அவர் காலடியில் கிடந்தது.

இராக்கம்மாவுக்கு உச்சந்தலை சுட்டது. பொலிஸார் போனபின் அவருடைய கட்டிலுக்குப் போய் நின்றாள். மனுசனா நீங்க என்று கேட்கத்தான் போனாள்.

“இங்கயிருந்து வெரட்டினா நான் எங்கம்மா போவேன்?” என்றார் கணபதி.

இராக்கம்மா போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டு வந்து படுத்தாள்.

வழக்குக்கு அவளும் இன்னொரு கிழவியும்தான் சாட்சி. அதுவே போதுமாக இருந்தது. பூட்டை உடைத்தவர்களே பொலிஸார் அல்லவா? தயாபரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். சபை அவரை விலக்கியது. விலக்கியது என்றால், மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, அரும்பெரும் சேவைக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தது. முதியோரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கைதட்டச் சொன்னபோது இராக்கம்மா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இல்லத்தின் நிலைமை திருப்தி என்ற அதிகாரியின் அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

இப்போது இரவில் ஒரு பெண் தங்குகிறாள். கதவு உள்ளிருந்துதான் தாழிடப்படுகிறது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல். அதைக் குடித்துக்கொண்டே இராக்கம்மாவைப் பொல்லாதவள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் பண்டாரவளைப் பக்கத்து இல்லமொன்றிலிருந்து ஒரு பெண், இரவில் தங்குபவளின் போனுக்கு எடுத்து இராக்கம்மாவைக் கேட்டாள். பெயரைச் சொல்லப் பயந்தாள். தங்களுக்கும் குறை உண்டு, ஆனால் சொன்னால் கோபித்துக்கொள்வார்களே என்று இழுத்தாள்.

“கோவிக்கட்டும். கோவிச்சா சாமியாடுவாங்களா? ஒங்க இடத்துல என்ன செய்றாங்க, அதை மொதல்ல சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, இராக்கம்மா கட்டிலில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.