பந்தி வீடியோ மட்டும் மிஞ்சியது

மகள் காதுகுத்துக்குக் கத்தாரில் இருக்கும் என் தம்பியால் வர முடியவில்லை. தாய்மாமன் வீடியோவிலாவது பார்க்க வேண்டாமா? கேமராக்காரர் தந்த ஃபைல்களோ வாட்ஸ்அப் தாங்காத கனம்.

எல்லாவற்றையும் மொத்தமாகச் சுருக்க நானே பேட்ச் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன்.

இன்று காலையில் தம்பி போன் செய்தான்.

"ஏக்கா, காது குத்துனது எங்க? ஒரே பந்தியால்ல இருக்கு!"

பார்த்தால், ஸ்கிரிப்ட் எல்லா வீடியோவுக்கும் ஒரே பெயர் வைத்து, ஒன்றை அழித்து அடுத்ததை எழுதியிருக்கிறது. மிஞ்சியது கடைசி ஃபைல்.

"சரிபண்ணி அனுப்புறேன்டா."

"அத விடுக்கா. பந்தல்குடி பெரியப்பா கை நனைச்சிருக்காக, பாத்தியா?"

வரப்புத் தகராறுக்குப் பிறகு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தோம். வீடியோவில் இரண்டாம் முறை பாயசம் கேட்கிறார்!

அப்பாவிடம் காட்டினேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"பந்தல்குடி பஸ்ஸு எத்தன மணிக்கு?"

ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன். பழையதையும் வைத்திருக்கிறேன். உங்கள் சொந்தத்தில் யாராவது கை நனைக்காமல் இருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.