கட்டியவர் பெயர்

நாத்தனார் ஒருத்தி தம்பி பெண்டாட்டியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தால், உலகம் தலைகீழாகிவிட்டதோ என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். என் தம்பியைப் பற்றி எழுதத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. அவனே போதும், அவனைப் பற்றிப் பேச.

அவளுக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துச் செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. தெருவில் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். பக்கத்துப் பல்லில் டீக்கறை இருந்தால் புதுப் பல்லிலும் அதே கறையைக் கொண்டுவந்துவிடுவாள். "புதுப் பல்லுன்னு யாராவது கண்டுபிடிச்சா நான் தோத்துட்டேன்னு அர்த்தம், அண்ணி" என்பாள். அதைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சிரிக்கிற எவனுக்கும் இவள் முகம் தெரியாது. டாக்டர் பெயர்தான் தெரியும்.

என் தம்பி லிப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி இறங்கியது போதாதென்று அவனுக்கு விமானப் பைத்தியம். ரிமோட்டில் பறக்கிற சின்னச் சின்ன மாதிரி விமானங்களைக் கட்டுவான். மாப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஒன்றிரண்டு என்றிருந்தது, அப்புறம் பரணெல்லாம் இறக்கை. கணவனை இழந்து நான் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கனவே மூன்று விமானங்கள் குடியிருந்தன. நான் நாலாவது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லங்காஸ்டர் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். இரண்டாம் உலகப் போரில் இரவு இரவாகப் போய்க் குண்டு போட்டு வந்த நாலு எஞ்சின் விமானம். நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் கைக்கடக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இறக்கை மட்டும் எட்டரை அடி! அதை என் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டான். இரண்டு வருஷம் போர்க்கால இறக்கைக்கு அடியில் தூங்கினேன்.

அவன் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எலும்புக்கூடு அவனுடையது. பஞ்சுபோல எடையில்லாத மரத்தை விலா எலும்பு மாதிரி அறுத்து, தேய்த்து, ஒட்டி, நாலு மோட்டார் பொருத்தி, ஒயர் இழுத்து, எல்லாம் அவன்தான். பறக்கவிடுவதிலும் கெட்டிக்காரன். ஆனால் எலும்புக்கூட்டுக்கு மேலே தோல் என்று ஒன்று இருக்கிறது, அது முழுக்க அவளுடையது.

கண்ணாடிக் கூண்டில்தான் ஆரம்பித்தது. விமானி உட்காருகிற இடம், துப்பாக்கிக்காரர்கள் உட்காருகிற மூன்று உருண்டைகள், எல்லாம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வர வேண்டும். அவன் அடுப்பில் சூடுகாட்டி எட்டுத் தகட்டைக் கருக்கினான். ஒன்பதாவதை அவள் பிடுங்கிக்கொண்டு போனாள். பற்களுக்கு உறை செய்ய அவர்கள் கூடத்தில் ஒரு இயந்திரம் உண்டு. தகட்டைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சி அச்சின் மேல் ஒட்ட இழுத்துவிடும். முதலாளியிடம் கேட்டு, வேலை முடிந்தபின் இருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர்த் துளி மாதிரி இருந்தது. அவன் வாயைப் பிளந்தான்.

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. நிஜ விமானத்தின் தகட்டில் தெரிகிற ஆணித் தலைகள் வேண்டும் என்றாள். ஊசியில் வெள்ளைப் பசையை ஏற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தாள். பதினெட்டாயிரம் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை என்றால் குனிந்த தலை நிமிராது. விமானத்துக்குள் உட்காருகிற ஏழு ஆட்களுக்குப் பல் பிசினில் முகம் செய்தாள். என் தம்பி மேலே பச்சையும் பழுப்பும் கீழே கறுப்பும் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தியபோது, பழைய போட்டோக்களை லென்ஸில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"கடையில வாங்குன மாதிரி இருக்குங்க. இது போய்ட்டு வந்த விமானம்."

"இப்ப என்ன பண்ணணுங்கிற? அழுக்காக்கணுமா?"

"ஆமா."

அழுக்காக்குவது அவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. எஞ்சின் புகை இறக்கையின் மேல் எப்படிச் சாம்பலாகப் படியும், எண்ணெய் எங்கே ஒழுகும், ஏறுகிற வாசலில் ஏழு பேரின் பூட்ஸும் பட்டு எந்த ஓரத்தில் பெயிண்ட் உரியும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மூக்குப் பக்கம் வரிசை வரிசையாகச் சின்னக் குண்டுப் படங்கள் வரைய வேண்டியிருந்தது. ஒரு தடவை போய்ப் போட்டுவிட்டு வந்தால் ஒரு படமாம். முப்பதாவது படத்தில் தூரிகையை வைத்துவிட்டு, "மேலே போனவங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் படம் இருக்கு அண்ணி, கீழே இருந்தவங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். டீ ஆறிப்போகிறது என்றேன்.

அன்று என் தம்பி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். உச்சி குளிர்ந்துபோய்விட்டது அவனுக்கு. "போட்டிக்குப் போறப்ப கட்டியவர் பேருன்னு ரெண்டு பேர் பேரையும் போடுறோம்" என்றான். அவள் தூரிகை கழுவப் போனாள். ஆனால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, போட்டிப் பாரத்துல ரெண்டு பேருக்கு இடம் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். துணிமணி, நகை, ஊர் சுற்றல் என்று எதையும் வாய்விட்டுக் கேட்காதவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பாரம் வந்தது. இரண்டு பிரிவு. தனிநபர் என்று ஒன்று, இருவர் என்று ஒன்று. இருவர் பிரிவில் ஜெயித்தால் ஒரு கோப்பை, கைதட்டல், போய்வா. தனிநபர் பிரிவில் ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஆனால் அதற்கு ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: 'இந்த மாதிரியின் கட்டுமானமும் மேற்பூச்சும் முழுவதும் என் ஒருவனால் செய்யப்பட்டவை.'

"சும்மா ஒரு சம்பிரதாயம். எல்லாரும் போடுறதுதான்" என்றான் அவளைப் பார்க்காமல்.

"சரி" என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாத்திரம் தேய்க்க உள்ளே போனாள்.

அந்த உறுதிமொழியை டைப் அடித்தது யார்? நான். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷமாக டைப் அடிக்கிற கை. அடுத்தவர் எழுதிக் கொடுப்பதை அடிப்பதுதானே என் பிழைப்பு என்று எனக்கு நானே காது குத்திக்கொண்டேன். இவன் வீட்டில் ஒண்டியிருக்கிறோம், எதற்கு வம்பு என்றும் ஒரு பயம். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

போட்டி ஒரு பெரிய வெட்டவெளியில். மேஜை மேல் விமானத்தை வைத்ததும் கூட்டம் மொய்த்தது. தலைமை நடுவர் தடிக் கண்ணாடி போட்டவர், நிதானமான மனுஷன். லென்ஸை வைத்துக்கொண்டு விமானத்தின் வாசல் ஓரத்தில் குனிந்தார்.

"இந்த பூட்ஸ் தேய்மானம் எப்படி சார் கொண்டுவந்தீங்க?"

"முதல்ல வெள்ளி நிறம் அடிச்சு, அதுக்கு மேல உப்பைத் தூவி, அப்புறம் பச்சை அடிச்சு, காஞ்சதும் உப்பைத் தேய்ச்சு எடுத்துட்டேன் சார். உப்பு இருந்த இடத்துல உள்ளே இருக்கிற வெள்ளி தெரியும்" என்றான் என் தம்பி. ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்னதை ஒப்பித்தான். வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள் என்னோடு நின்றாள். பக்கத்தில் வந்தால் நடுவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டிருந்தான்.

மத்தியானம் மார்க்குத் தாளைப் பலகையில் ஒட்டினார்கள். கறையும் தேய்மானமும் என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து. வேறு யாருக்கும் ஏழுக்கு மேல் இல்லை. அவள் அந்தப் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வயிறு எரிகிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எரிந்தது, அதனால் அப்படி நினைத்தேன்.

அடுத்து பறக்கவிட வேண்டும். வீட்டில் எப்போதும் அவள்தான் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் ரிமோட்டில் குச்சியை அசைக்க, இறக்கையின் பின்னோரத்தில் எந்தப் பக்கத்து மடல் ஏறுகிறது இறங்குகிறது என்று அவள் குரல் கொடுப்பாள். அன்றைக்கு அந்த வேலைக்கு 'ஃப்யூஸ்' வந்திருந்தான். எலக்ட்ரீஷியன், என் தம்பியின் கிளப் சிநேகிதன். வாலைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் நாலும் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! மெமரி மாறியிருக்கு!" என்று கத்தினாள் அவள். கயிற்றைத் தாண்டி ஓடியே போய்விட்டாள்.

விஷயம் இதுதான். அவனுடைய ரிமோட்டில் நாலைந்து விமானங்களின் அமைப்பு பதிந்திருக்கும். எதைப் பறக்கவிடுகிறோமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் கைப்பழக்கத்துக்குச் சின்ன விமானத்தை விட்டவன் மாற்ற மறந்துவிட்டான். இடப்பக்கம் குச்சியைத் தள்ளினால் இடது மடல் மேலே ஏற வேண்டும். அது கீழே இறங்கியதை முப்பதடி தூரத்திலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். அப்படியே கிளம்பியிருந்தால் பத்தாவது நொடியில் ஐந்து வருஷமும் மண்ணில் குத்தி நின்றிருக்கும்.

மாற்றினான். பறந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அழகாகப் பறந்தது. மெதுவாக, பாரமாக, நிஜத்தில் எப்படிப் போயிருக்குமோ அப்படி. எனக்கே கண் கலங்கிவிட்டது.

இறங்கியதும் தலைமை நடுவர் நேராக அவளிடம் வந்தார். "நீங்கதாம்மா காப்பாத்துனீங்க. உங்களுக்கும் இதுல பழக்கம் உண்டா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் என் தம்பி முந்திக்கொண்டான். "ஐயோ, அவளுக்கு விமானத்துல மூக்கு எது, வால் எதுன்னே தெரியாது சார். பயத்துல கத்துனா, குருட்டாம்போக்குல சரியாப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஃப்யூஸும் சிரித்தான், வெட்கங்கெட்டவன். அவளும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டேய், மனசாட்சி இருக்காடா உனக்கு?" என்றேன். "சார், அந்தப் பத்து மார்க்கு இவளுக்குச் சேர வேண்டியது. பெயிண்ட், புள்ளி, கண்ணாடி, ஆளு எல்லாம் இவ கை. இவன் எலும்புக்கூடு மட்டும்தான் கட்டினான்."

"அக்கா, வாயை மூடு" என்றான் தம்பி.

"எத்தனை நாளைக்கு மூடுறது?"

நடுவர் மேஜைக்குப் போய் ஒரு ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து வந்தார். நான் அடித்த தாள். "இது உங்க கையெழுத்துதானே சார்?" என்று கேட்டார். என் தம்பி தரையைப் பார்த்தான். பேனாவை எடுத்துத் தன் மார்க்குத் தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டார் அந்த மனுஷன்.

"சார், சார், இருவர் பிரிவுல சேர்த்துக்கங்க. ரெண்டு பேர் பேரையும் எழுதிக்கங்க" என்று நான் கெஞ்சினேன்.

"பதிவு முடிஞ்சு ஒரு மாசமாச்சும்மா. பொய் உறுதிமொழி கொடுத்த மாதிரியை எந்தப் பிரிவுலயும் எடுக்க முடியாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. பலகையில் ஒட்டியிருந்த தாளையும் ஒருத்தர் வந்து கிழித்துக்கொண்டு போனார்.

வேனில் வீடு வந்து சேர்ந்தோம். இறக்கையைக் கழற்றி இறக்கும்போது என் தம்பி என்னைப் பிடித்துக் கத்துவான் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ப் படுத்துவிட்டான். நான் சமையலறைக்குப் போனேன். அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவன் கிடக்கிறான், விடு. நீ மனசைத் தளரவிடாதே. உனக்காகத்தான் பேசினேன்" என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். அழுதிருக்கவில்லை.

"உங்களுக்குக் கோபம் வந்துச்சு, பேசிட்டீங்க. எனக்காகன்னு சொல்லாதீங்க."

"அவன் உன்னை அப்படிச் சொல்றான், நீ சிரிக்கிற..."

"அவரு அப்படித்தான்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்துறேன். இவ்வளவு நாள்ல என் வேலைக்கு யாரும் மார்க் போட்டதில்ல அண்ணி. இன்னிக்கு ஒருத்தர் லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு பத்துக்குப் பத்து போட்டாரு. பேரு யாரோடதா இருந்தா என்ன, அது என் பத்துன்னு எனக்குத் தெரியும். மத்தியானம் பூரா அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவரு ஜெயிச்சு வெளிநாட்டுல போய் நின்னாலும் அங்கேயும் அதைத்தான் குனிஞ்சு பார்த்திருப்பாங்க." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பேச வேண்டிய நாள்னு ஒண்ணு இருந்துச்சு. பாரத்துல ரெண்டு பேருக்கு இடம் இருக்குமான்னு உங்க பின்னாலயே வந்தேன். அன்னிக்கு பேசாம டைப் அடிச்சுக் கொடுத்தீங்க. இன்னிக்குப் பேசி, இருந்த அந்த ஒரு பத்தையும் கோடு போட வெச்சுட்டீங்க."

 

அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பதினான்கு மாதம் ஆகிறது. அவனோடு பேசுகிறாள். அவனோடு உட்கார்ந்து அடுத்த விமானத்துக்குக் கண்ணாடி இழுக்கிறாள். இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். எனக்கும் காலையில் அலுவலகம் கிளம்பும் நேரத்துக்குச் சாப்பாட்டு டப்பா தயாராக மேஜை மேல் இருக்கும், ஒரு நாள் தவறாமல். நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.