சேவலுக்காக எழும்பி நடந்தவர்

சண்டை நிறுத்தம் வந்த அடுத்த வருடம் நாங்கள் எங்கள் ஊரான ஜெயபுரத்துக்குத் திரும்பினோம். வீட்டு வளவு முழுக்கப் பற்றைக்காடு. சுவர்கள் நின்றன, கூரை இல்லை. என் கணவர் கத்தியோடு வேலிக்கரையைத் துப்புரவாக்கிக்கொண்டு போய், பின்வளவின் எல்லையில் மிதிவெடி ஒன்றில் கால் வைத்தார். நான் அப்போது குசினிப் பக்கம் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவர் வெட்டிக்கொண்டு போன தடத்தில் மட்டும் கால் வைத்து, கூப்பிட்டுக்கொண்டே மெல்ல மெல்லப் போனேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார். கேட்டால் ஓம் என்பார், இல்லை என்பார். பொய்க்கால் செய்து கொடுத்தார்கள். அதைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தங்கை கல்யாணமாகிப் பக்கத்து வளவில் இருந்தாள். அவள் நாளுக்கு ஒரு தடவை வந்து, "அண்ணா, இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் ஒரு முஸ்லிம் நானா வியாபாரத்துக்கு வருவார். முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் இருந்தவர், பாதை திறந்ததும் திரும்பி வந்து மோட்டார் சைக்கிளில் அலுமினியச் சட்டிகளும் துணியும் கட்டிக்கொண்டு வந்து விற்றார். தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது என் கணவரைப் பார்ப்பார். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். ஒரு நாள் துணி மூட்டைக்கு மேலே சின்னக் கூடை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடைக்குள் இரண்டு குஞ்சுகள். கழுத்து நீளம், கால் நீளம், நெஞ்சில் இறகு சரியாக முளைக்காமல் சிவப்புத் தோல் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இது ஊர்க்கோழி இல்ல தங்கச்சி. சண்டைக்கோழி, அசில் சாதி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தந்தாரு. நான் ரோட்டுலயே திரியிறவன், எப்பிடி வளக்கிறது?" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "இதுக்குச் சோறு போட்டா மட்டும் காணாது. கறையான் வேணும். சின்னதுல கறையான் தின்னாத்தான் எலும்பு பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு, கூடையை அவர் மடியில் வைத்தார்.

கறையானுக்கு நான் போவேன் என்றுதான் நினைத்தேன். கறையான் ஏறட்டும் என்று சாணமும் வைக்கோலும் அடைத்த பானையைப் புற்றடியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாள் விடிய அதை எடுக்கப் போகத் தாமதமாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கதிரையில் அவர் இல்லை. பொய்க்காலும் இல்லை. புற்றடியில் பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றார். திரும்பி வர நெடுநேரம் எடுத்தது. நான் உதவிக்குப் போகவில்லை. குசினி வாசலில் நின்று, அவர் ஒவ்வொரு அடியும் தரையைப் பார்த்துப் பார்த்து வைப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

குஞ்சுகள் ஒரு சேவலும் ஒரு பேடும் ஆயின. சேவல் கருஞ்சிவப்பு. தலையில் கொண்டைப் பூ பெரிதாக வளரவில்லை, பயற்றங்காய் நுனி போல ஒட்டிக்கொண்டு இருந்தது. கண் வெள்ளை. நின்றால் உடம்பு நிமிர்ந்து, ஆள் ஒருவர் நிற்பது போல இருக்கும். அதற்கு அவர் செய்த பணிவிடையை எனக்குச் செய்திருந்தால் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. குரக்கனும் பயறும் ஊறப்போட்டுக் கொடுப்பார். வெந்நீரில் துணியைப் பிழிந்து தொடைக்கும் காலுக்கும் ஒத்தடம் பிடிப்பார். பாரமான கோழி உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கும் என்று கூட்டில் கம்பைத் தாழ்வாகக் கட்டி, கீழே ஆற்றுமணல் போட்டார். பேடு பாரத்தில் முட்டைகளை உடைத்தது. அதனால் அவற்றை எடுத்து ஊர்க்கோழியின் அடியில் வைத்தார். அந்த முதல் அடையில் தப்பிய குஞ்சொன்று சாம்பல் நிறச் சேவலாக வளர்ந்தது.

சேவல் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். "ஒருக்கா சண்டைக்கு விட்டுப் பாப்பமே அண்ணை" என்று கேட்டார்கள். அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "நான் ஒற்றைக் காலில நிக்கிறது காணும். அதுவும் அப்பிடி நிக்க வேண்டாம்." வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். சிலர் மாத்திரம் திரும்பத் திரும்ப வந்தார்கள், சும்மா சேவலைப் பார்த்துக்கொண்டிருக்க. அவர்களோடு அவர் கதைக்கப் பழகினார். குசினிக்குள் இருந்து அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிடுவேன்.

ஒரு மத்தியானம் சாம்பல் சேவல் தன் கூட்டுக் கம்பிவலைக்குக் கீழே மண்ணைக் கிளறி வெளியே வந்து, தகப்பனோடு பிடித்துக்கொண்டது. நான் கிணற்றடியில் இருந்தேன். இறகு அடிக்கும் சத்தம் கேட்டு வந்தபோது, பொய்க்காலைக் கழற்றி வைத்திருந்த அவர் ஊன்றுகோலோடு பாய்ந்து, இரண்டுக்கும் நடுவில் குப்புற விழுந்து கிடந்தார். சிவப்புச் சேவல் கக்கத்துக்குள் இருந்தது. சாம்பல் சேவலை ஒரு கையால் காலில் பிடித்திருந்தார். முழங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது.

"முதல் உங்கட கையைப் பாருங்கோ!" என்று கத்தினேன்.

"சாம்பலுக்கு ஒரு கண் போச்சு. நீ மஞ்சளை அரைச்சுக்கொண்டு வா, கெதியா."

சாம்பல் சேவலை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைக் கழுவினார். அது அசையாமல் கிடந்தது. அதன் பிறகு அது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துத்தான் தீனைப் பார்த்துக் கொத்தும். அந்தப் பக்கத்திலேயே அவர் தீனை வைப்பார்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. நானா வெளியே வவுனியாப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார், அதன் பின் அவரை நாங்கள் காணவில்லை. கோழிக்குக் கொடுக்கும் பயறு எங்களுக்கே இல்லாமல் போனது. தன் கோப்பையிலிருந்து ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைப்பார். நான் கண்டும் காணாதது போல இருப்பேன். எங்களுக்குள் சண்டை வந்ததென்றால் அந்த ஒரு பிடியால்தான் வந்தது. இரவும் பகலும் ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. அவருடைய தங்கை அப்போது கர்ப்பமாக இருந்தாள். தோட்டத்துக்குப் போன அவளுடைய கணவர் ஷெல்லடியில் இறந்தார். அழுது முடிக்க முதலே ஊர் வெளிக்கிட்டது.

அடுத்த வளவுக்காரரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. கூரைத் தகரங்கள், பானை சட்டி, அரிசி, வயிற்றோடு தங்கை. இரண்டு சேவல்களை ஒன்றாக ஏற்ற முடியாது, தனித்தனியாக ஏற்ற இடமில்லை. அவர் சிவப்புச் சேவலையும் பேட்டையும் ஒரே கூடையில் வைத்துக் கட்டினார். சாம்பலின் கூட்டைத் திறந்துவிட்டார்.

"வெட்டியாவது கொண்டு போகலாமே, ரெண்டு நாளைக்குக் கறியாகும்" என்று லாண்ட்மாஸ்டர்காரர் சொன்னார்.

"அது பிழைக்கட்டும்" என்றார் இவர். அது வெளியே வந்து, தலையைச் சாய்த்துக் குப்பையைக் கிளறத் தொடங்கியது. எங்களை அது பார்க்கவேயில்லை.

பல இடங்களில் நின்று நின்று தர்மபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். யாரோ ஒருவரின் தென்னங்காணியில் தகரத்தைச் சாய்த்து, மேலே தறப்பாள் விரித்துக் கட்டி இருந்தோம். எங்களுக்கு ஒட்டினாற்போல வேறு குடும்பங்கள். அங்கே சேவல் கூவியது பெரிய கரைச்சலாகப் போய்விட்டது. மேலே எந்த நேரமும் ஆளில்லாத வேவு விமானம் சுற்றும். சனங்கள் அதை வண்டு என்பார்கள். பக்கத்துத் தறப்பாளில் இருந்த அம்மா வந்து, "தம்பி, உந்தச் சேவல் கூவுறது வண்டுக்குக் கேக்கும். எங்கள் எல்லாரையும் சாக்கொல்லப் போறியளோ?" என்று கேட்டா. வண்டுக்குக் காது இல்லை என்று யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. அவர் பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, சேவல் கழுத்தை நீட்ட முடியாத அளவுக்குத் தாழ்வாகக் கூடு செய்தார். கழுத்தை நிமிர்த்த முடியாவிட்டால் சேவல் கூவாது. நிமிர்ந்து நிற்கிறதையே அழகாகக் கொண்ட அந்தச் சேவல் நாள் முழுக்கக் குனிந்தபடி கிடந்தது.

தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியில் காயக்காரருக்கே இடமில்லை என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு உடம்பில் இரத்தம் இல்லை, நெஞ்சில் பால் இல்லை. பேடு இடும் முட்டை ஒவ்வொன்றையும் அவளுக்கே அவித்துக் கொடுத்தோம். பிள்ளை அழுது அழுது குரல் கம்மி, பிறகு அழுகையையும் விட்டுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து அம்மா மீண்டும் வந்தா. இம்முறை குரலைத் தாழ்த்திக் கதைத்தா. "பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி வைச்சுக் குடுக்கோணும் பிள்ளை, அப்பதான் பால் ஊறும். கோழி இல்லாம என்ன சரக்கு? என்னட்ட மல்லியும் மிளகும் கொஞ்சம் கிடக்கு, தாறன்."

அவர் வெளியே சேவற்பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கேட்க வாய் வரவில்லை. உள்ளே படுத்திருந்த தங்கைதான் முதலில் கதைத்தாள்.

"அண்ணா, அதை வெட்டாதேங்கோ. பேட்டை வெட்டுங்கோ."

"பேடு முட்டை இடுது. அதை வெட்டினா நாளைக்கு உனக்கு என்ன இருக்கு?"

"நீங்கள் பழையபடி கதிரையில இருந்திடுவியள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவர் பெட்டியின் பலகையில் கையை வைத்தார். பிறகு, "இஞ்ச கதிரை எங்க கிடக்கு?" என்றார். அது பகிடியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை பெட்டியைத் தூக்கிச் சேவலை வெளியே விட்டார். அது கால்களை நீட்டி, இறகை உதறி, கழுத்தை நிமிர்த்திக் கூவியது. ஒருவரும் ஏசவில்லை. வெந்நீர் கேட்டார். கொடுத்தேன். துணியைப் பிழிந்து வழக்கம் போலச் சேவலின் தொடையையும் காலையும் ஒற்றினார். அவரால் குந்தி இருந்து வெட்ட முடியாது. "இஞ்சேர், நீதான் பிடிக்கோணும்" என்றார். நான் சேவலை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்தேன். அவரைத் தவிர வேறு யார் பிடித்தாலும் கொத்தும் சேவல் அது. அன்றைக்கு என் கைக்குள் சூடாக, அசையாமல் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறைச்சி நார் நாராக இருந்தது. காலையில் ஏற்றிய அடுப்பு பின்னேரம் வரை எரிந்தது. உள்ளியும் சீரகமும் இல்லாத சரக்கு. தங்கை கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவர் பக்கத்தில் இருந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையைப் பிடித்துக் கொடுத்தார். நாங்கள் இருவரும் தொடவில்லை. மிச்சத்தைப் பக்கத்துத் தறப்பாளுக்குக் கொடுத்தோம். பால் சுரக்கத் தொடங்கியது. கறியால்தானா, பயம் கொஞ்சம் விட்டதாலா, சொல்லத் தெரியவில்லை. பிள்ளை மறுபடி அழத் தொடங்கினான்.

தர்மபுரத்தையும் விட்டு ஓடியபோது பேட்டின் கூடையை நான்தான் தூக்கினேன். வழியில் ஷெல் விழுந்து, எல்லாரும் பள்ளத்துக்குள் விழுந்து எழும்பியபோது கூடை சரிந்து கிடந்தது, பேடு இல்லை. தேட நிற்கவில்லை. பிள்ளையை அவர் தோளில் போட்டிருந்தார், நான் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தவற்றை எழுத என்னால் முடியாது. நான்கு பேரும் உயிரோடு வெளியே வந்தோம். அதை மட்டும் சொல்லலாம்.

தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த முகாமில் கூடாரத்துக்குள் சூடு தாங்க முடியாது. தங்கையும் நானும் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தோம். அவர் ஊமையாகிவிடுவார் என்று காத்திருந்தோம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கதைத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டினார், விறகுக்கு அலைந்தார். ஒரு நாள் தண்ணீர் வரிசையில் ஜெயபுரம் ஆள் ஒருவர் அவரை அடையாளம் கண்டு, "அண்ணை, அந்தச் சிவப்புச் சேவல் என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"வெட்டிக் கறி வைச்சனாங்கள்" என்றார் இவர்.

கேட்டவர் கேட்டிருக்கக்கூடாது என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். இவர் வெறும் வாளியோடு கூடாரத்துக்குத் திரும்பி வந்து, பொய்க்காலைக் கழற்றிவிட்டு, பட்டப்பகலில் வாய்விட்டு அழுதார். கால் போனபோதும், மச்சான் செத்தபோதும், வழியில் பார்த்தவற்றைப் பார்த்தபோதும் அழாதவர். பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார்கள். தங்கை அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினாள். பிள்ளை அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். அவர் தடுக்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

நான் வாளியை எடுத்துக்கொண்டு திரும்ப வரிசைக்குப் போனேன். எங்கள் இடம் போயிருந்தது. கடைசியில் போய் நின்றேன்.