பனிப் பூதத்துக்கு நாலாவது ஆள்

மீன்பிடித் தடைக்காலத்தில் என்னைப் பார்க்க யாரும் வராமல் இருப்பது நல்லது. விசைப்படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எனக்கு இருப்புக் கொள்ளாது. டீக்கடைக்குப் போவேன், டீ வருவதற்குள் எழுந்து வந்துவிடுவேன். போன கோடையில் அந்தத் தவிப்பையெல்லாம் போனுக்குள் இருந்த ஒரு பனிப் பூதத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு சுலபம்தான். நாலு பேர் ஆளுக்கொரு வீரனோடு இறங்க வேண்டும். எதிரே நிற்கிற பெரிய பூதம் வாராவாரம் மாறும். அந்த வாரம் வந்தது பனிப் பூதம், ஞாயிற்றுக்கிழமை வரைதான் இருக்கும். நானும் பெரியப்பா மகன்கள் இருவரும் எங்கள் ஊர் அனுமந்தையிலேயே எங்கள் அணிதான் கெட்டி என்று பீற்றிக்கொண்டிருந்தோம். நாலாவது இடத்துக்குக் கிடைத்த வெளியாளைப் போட்டு ஆடுவோம். ஆனால் கடல்கார ஜனம் இல்லையா, நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்ததெல்லாம் தண்ணீர் வீரர்கள். ஒருவனிடம் சுறாத் தலையன், ஒருவனிடம் அலை வீசுகிறவன், என்னிடம் திருக்கைவால் சாட்டைக்காரன். நெருப்பு வீரனை நாமா வளர்ப்பது என்று ஒரு கெத்து. பனிப் பூதம் ஒரு ஊது ஊதினால் மூன்று பேரும் ஐஸ்பெட்டி மீன் மாதிரி விறைத்துப்போனோம்.

"நெருப்பு ஆளு இல்லாம இத அடிக்க முடியாதுடா," என்றான் பெரியப்பாவின் மூத்த மகன். "அது யார் கிட்ட இருக்குதுன்னு உனக்கே தெரியும்."

தெரியும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவனிடம். முன்பு எங்கள் அணியின் நாலாவது ஆள் அவன்தான். விளையாட வீட்டுக்கு வந்து, எங்கள் சார்ஜரிலேயே போனைப் போட்டு, கடைசியில் என் தங்கையைக் கட்டிக்கொண்டு போனவன். உப்பளத்து வீட்டிலா பெண் வாழ்வது என்று அப்பா கொதித்தார். அவள் பேரையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். ஒன்றரை வருடமாக நான் அவள் குரலைக் கேட்கவில்லை. அப்பாவை மீறி நேராக போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. பூதத்தைச் சாக்கு வைத்தாவது பேசிவிடலாம் என்று தோன்றியது. ஜெயிப்பது அப்புறம். அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும்.

ஞாயிறு மதியம் அவனுக்கு மெசேஜ் போட்டேன். "பனி பாஸ். நெருப்பு ஆள் வேணும். வர்றியா?" நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. எழுந்து கடல் வரை போனேன், மணல் காலைச் சுட்டது, திரும்பி வந்தேன். போனைப் பார்த்தேன். மறுபடி போனேன்.

"ஏம்பா, ஒரு எடத்துல குந்தேன். உன்ன பாத்தா எனக்கு தல சுத்துது," என்றான் இளையவன். அவனை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த வலை பின்னும் கூடத்தின் மூலையில்தான் அப்பா துண்டை விரித்துப் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது. கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உப்பு வாருகிற சீசன், ஞாயிறென்றும் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெயில் சாய்ந்த பிறகு திரையில் நாலாவது கட்டம் பளிச்சிட்டது. தீப்பந்தத்தோடு அவன் வீரன் நின்றான்.

ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல நான் முந்திக்கொண்டு பாய்ந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் அதட்டியது.

"அண்ணா, முன்னால ஓடாத. அது மூச்ச இழுக்குது பாரு, இப்ப ஊதும். என் பின்னால வா."

என் தங்கை. சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். கட்டைவிரல் நின்றிருந்தது.

"நீயா ஆடற?" என்று கிசுகிசுத்தேன்.

"பின்ன? அவரு போன எங்கிட்ட வெச்சுட்டு உப்பு வாரப் போயிருக்காரு. இந்த போனு நம்ம ஊட்டு சார்ஜர்ல கெடந்தப்பவே இந்த ஆள நாந்தான் வளத்தேன்."

"நெருப்பு ஆளயா?"

"பொறந்ததுலேர்ந்து தண்ணியவே பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சுணா. பேசாம பின்னால நில்லு."

நின்றேன். மூன்று ஆம்பிளைகளும் அவள் நெருப்புக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து அடித்தோம். அவள் சொன்னபோது பாய்ந்தோம், அதட்டியபோது பதுங்கினோம். பூதம் சரிந்தது. பெரியப்பா மகன்கள் குதித்தார்கள். நான் அவளிடம் நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டேன்.

"இருக்கறேன்ணா. அவரு வந்துட்டாரு. வெக்கறேன்."

அப்பா எழுந்து உட்கார்ந்து துண்டை உதறினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டேய், அந்தப் பனிக்காரன் செத்துட்டானா?"

"செத்துட்டான்பா."

"அடுத்த வாரம்?"

"வேற பூதம் வரும். அதுக்கு நெருப்பு ஆளு தேவப்படாது."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தேவப்படலன்னாலும் அவளயே கூப்பிடு," என்றார். "அப்பவாச்சும் சத்தத்த கொறைக்காத."